வயிற்றுவலி மாத்திரை

சிங்கி இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். ஒரு துண்டு தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். இருந்தும் தூத்துக்குடியில் நான்கு வருடம் அந்தப் பிராணியைத்தான் ஆராய்ந்தேன். உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். அதன் கண்ணைத் தாங்கும் தண்டில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. முட்டை முதிராமல் தடுத்து வைப்பது அதன் வேலை. பகல் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அந்த ஹார்மோனின் மரபணு கூடவோ குறையவோ வேலை செய்யும். தொட்டிக்கு மேல் விளக்கை நீட்டியும் சுருக்கியும் பார்ப்போம். அவசரமென்றால் தண்டையே வெட்டிவிடுவோம். ஓர் உயிர் எப்போது தாயாக வேண்டும் என்பது என் கையில் இருந்தது.

2005இல் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பர்சனல் மேனேஜராக வந்தேன். முதலாளி என் ஆராய்ச்சியை முழுக்கக் கேட்டுவிட்டு, "அதைய எப்படிங்க கொழம்பு வெக்கறது?" என்றார். அங்கே படிப்புக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் நூற்றிருபது பெண்கள். லைனில் ஒருத்தி கழுத்துப் பட்டி தைத்துக் கொடுத்தால்தான் அடுத்தவள் கை வைக்க முடியும். மாதம் மூன்று நாள் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் முப்பது மெஷின் சும்மா நிற்கும். விளக்கைப் போட்டு அணைத்துப் பெண்களை வழிக்குக் கொண்டுவர முடியாது. இறாலிடம் இருக்கும் ஒழுங்கு இவர்களிடம் இல்லை. அதனால் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையை உறை பிரித்து டப்பாவில் போட்டு, வயிற்றுவலி மாத்திரை என்று பெயர் வைத்தேன். வலி வராமல் தடுக்கும் என்று சொல்லி நர்ஸ் பிரிசில்லா தினமும் காலையில் எல்லோருக்கும் கொடுப்பாள். ஒருத்தியும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மெஷின் சூட்டில் விலக்கு நின்றுவிட்டது என்று அவர்களே முடிவு செய்து, வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினார்கள். அந்த அறிவை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

கவிப்பிரியா கழுத்துப் பட்டி தைப்பவள். பத்தொன்பது வயது, குன்னத்தூர்ப் பக்கம். தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். முகூர்த்தம் மணப்பெண்ணின் விலக்கு நாளில் விழக்கூடாது இல்லையா, அதற்காக அவள் அம்மா செல்லாத்தாள் தேதி கேட்டிருக்கிறாள். மூன்று மாதமாக வரவில்லை என்று அந்த முட்டாள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

செல்லாத்தாள் நேரே கம்பெனிக்கு வந்தாள். "ஏனுங்க சார், புள்ள தலைக்கு ஊத்தி மூணு மாசமாச்சுங்குது. இங்க யாராச்சும் கெடுத்துப்போட்டாங்களாங்க?"

விசாரிக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் போய்க் கல்யாணம் நின்றது. கவிப்பிரியா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் எந்தத் தப்பும் பண்ணலீங்க சார். எங்கம்மா உங்க பேச்சை நம்புமுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிரலாங்க சார், பாவமுங்க" என்று பக்கத்தில் நின்ற பிரிசில்லாவும் என் காதருகே முனகினாள். சொன்னால் மறுநாளே நூற்றிருபது பேரும் மாத்திரையைத் துப்பியிருப்பார்கள். ஷிப்மென்ட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது. முதலில் சரக்கு போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவள் காதில் சொன்னேன். அழுது அழுது வயிறு வலிக்கிறது என்றாள் கவிப்பிரியா. டப்பாவிலிருந்து ஒன்றை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். "நன்றிங்க சார்" என்று வாங்கி விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கர்ப்பம் இல்லை என்று இருந்தது. செல்லாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். "எம்புள்ள சுத்தம்னு உங்க வாயால கேட்டுட்டனுங்க. நல்லா இருக்கோணுஞ் சாமி" என்று என்னைக் கும்பிட்டாள். எனக்கு அந்தக் காகிதம் தேவையே இல்லை, முன்பே தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அவள் செத்தாள். ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். பனிக்கட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்யாமல் ஓர் இறாலின் கண்தண்டில்கூட நான் கத்தி வைத்ததில்லை.