மருந்து கீழ்த்தட்டில்தான் இருந்தது

“ஆபரேஷன் முடிஞ்சதும் என் தம்பி என் வீட்டுக்குத்தான் வருவான்.” இது பக்கத்து வீட்டுக்காரியின் நாத்தனார், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தவள்.

“உங்க சமையலைச் சாப்பிட்டா போட்ட தையல் பிரிஞ்சிடும் அண்ணி.” இது பக்கத்து வீட்டுக்காரி.

“உன் கல்யாணத்தன்னிக்கு நீ என்ன பண்ணினேன்னு என் வாயைக் கிளறாதே.”

அதோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர். காதை வைத்தால் கேட்கும், எடுத்தால் கேட்காது. அதற்கு நான் பொறுப்பல்ல.

அவள் புருஷனுக்கு இதய வால்வு பழுது. படியேறும்போது நின்று நின்று மூச்சு வாங்குவார். நிற்கிறாரே என்று நானும் இரண்டு வார்த்தை கூடுதலாக விசாரிப்பேன். போதாக்குறைக்கு, ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களில் ஒன்று அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் உறையாமல் மெஷினுக்குள் ஓட வேண்டுமாம். தைத்து முடித்ததும் உறைய வேண்டுமாம். மாமியார்கூட மருமகளிடம் இப்படி நேரத்துக்கு ஒன்று கேட்க மாட்டாள். அந்தக் குறைக்கான மருந்து, பல நாள் காத்துக் கிடந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தது. அது இல்லாமல் நெஞ்சைத் திறக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர்கள் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிருந்ததால் மருந்துப் பெட்டி என்னிடம் வந்தது. “கீழ்த்தட்டுலேயே இருக்கட்டும்க்கா. உறைஞ்சா வீணாயிடும். அவர் உசிரே இதுலதான் இருக்கு,” என்றாள் அவர் மனைவி.

நான் நிதானமாக யோசித்தேன். மறுநாள் அவரை மருத்துவமனையில் சேர்ப்பார்கள். பிறகு நேரே நாத்தனார் ஊர். கல்யாணத்தில் என்ன நடந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஆபரேஷன் தள்ளிப்போனால் இன்னொரு சண்டை நிச்சயம். பெட்டியை ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் இறக்கி, ஈரம் துடைத்து, கீழ்த்தட்டிலிருந்து அவள் கண்ணெதிரே எடுத்துக் கொடுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

மருத்துவமனையில் திறந்து பார்த்தால் குப்பி விரிசல் விட்டிருந்தது. எல்லாரும் என் ஃப்ரிட்ஜைத் திட்டினார்கள். நல்ல ஃப்ரிட்ஜ் அது.

வீடு திரும்பினார்கள். நான் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டேன். சண்டை போட வேண்டிய இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவருக்குக் கால் வீங்கிவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருமினார். அந்தச் சத்தத்தில் உருப்படியாக ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

ஒருவழியாக வேறு மருந்து வந்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மூன்று பேரும் நாத்தனார் ஊருக்கே குடிபோய்விட்டார்கள். கல்யாண விஷயம் இன்றுவரை தெரியவில்லை. மனசாட்சி உள்ளவள்தான் நான். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது அங்கே புதிதாகக் கல்யாணமான ஜோடி. எல்லாம் கிசுகிசுப்பு, ஒன்றும் விளங்குவதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோயாம். இன்னும் ஃப்ரிட்ஜ் வாங்காததால் இன்சுலினை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். கீழ்த்தட்டில்தான் இருக்கிறது, இப்போதைக்கு.