மலேசியாவிலிருந்து வந்த மிஷின்

எண்பதுகளில் ஒரு நாள் காலை, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“வூட்டுக்கு வந்து நாலு நாளாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலக்கா. ஒரு சத்தமும் இல்ல.”

“மாட்டு டாக்டர்கிட்ட காட்டுனியா?” என்றாள் மூத்தவள்.

“மாடு இல்லக்கா. துணி தொவைக்கிற மிஷின். எங்க வூட்டுக்காரரு மலேசியாவுலேருந்து அனுப்புனது.”

“கரண்டு வருதா?”

“லைட்டு எரியுது. மெக்கானிக்கு வந்து கழட்டிப் பாத்தாரு. கோளாறு எதுவும் இல்லையாம். மேல டேங்க் கட்டி, குழாயில தண்ணி வேகமா வந்தாத்தான் ஓடுமாம். எங்களுது ஓட்டு வூடு. பூலாம்பாடியில கெணத்துத் தண்ணிக்கா.”

“கொடத்தால ஊத்திப் பாத்தியா?”

“பத்துக் கொடம் ஊத்துனேன். அசையல.”

அவள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். சலவைச் சோடாவில் தோல் வெடித்துக் கிடந்தது.

“மாமியா வாதத்துல படுத்து ரெண்டு வருசமாச்சு. ஒரு நாளைக்கு ஆறு தடவ துணி மாத்தணும். ஒத்தையில முடியல, ஒரு நடை வந்துட்டுப் போங்கன்னு எழுதுனேன். இந்த மிஷின்தான் வந்துச்சு.”

“ஓடலன்னு எழுதிப் போடேன்.”

“நல்லா ஓடுதுன்னு எழுதிட்டேன்க்கா.”

“ஏம்மா?”

“ஓடலன்னா இன்னொரு மிஷின் அனுப்புவாரு. ஆளு வர மாட்டாரு.”