அம்புக்குறியின் திசை

"என்கிட்ட இருந்து அவருக்குப் போற அம்புக்குறியத் திருப்பிப் போட்டுரு, தாயி."

அகரம் போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் கேட்டார். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில், மடியில் அம்புக்குறிப் படம் திறந்திருந்த லேப்டாப்புடன், கொரோனா பரவும் வேகத்தைக் கணக்கிட வீடு வீடாக விவரம் எடுக்கும் சுகாதாரத் துறைப் பெண்.

"யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு சாஃப்ட்வேர் கேக்குதுக்கா. காய்ச்சல் முதல்ல உங்களுக்குத்தான?"

"அவருக்குன்னு போடு. செத்தவரு வந்து இல்லேன்னா சொல்லப் போறாரு?"

"பரவுற வேகமே தப்பா வந்துரும்க்கா."

"எம்புருசனே போயிட்டாரு. வேகம் எம்புட்டா இருந்தா எனக்கென்ன?"

லேப்டாப் பெண் குரலைத் தாழ்த்தினார். "அதுல பேரே கிடையாதுக்கா. நீங்க ஒரு நம்பர், அவரு ஒரு நம்பர். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."