தட்டிக் காட்டினால் தின்னும்

வான்கோழி வளர்ப்பதில் கஷ்டமெல்லாம் முதல் பத்து நாள்தான், இன்ஸ்பெக்டர் மேடம். அதைத் தாண்டிவிட்டால் அவ்வளவு சாதுவான பிராணி வேறு கிடையாது. நம் பின்னாலேயே வரும். துணி துவைத்தால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதி. குறுக்கே கேட்காமல் இருந்தால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஞானபூரணம். வயது அறுபத்தொன்று. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை மொத்த வியாபாரம் செய்த சௌந்தரபாண்டியன் என் கணவர். ஒரே மகன் ராஜேஷ்குமார் பெங்களூரில் இருக்கிறான். கடையை மூடிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் எதையாவது வளர்க்க எனக்கு ஆசை வந்தது. அவர் ராயகிரியில் வீரபாண்டி என்பவரிடம் சொல்லிவைத்து, பொரித்து ஒரு நாள் ஆன பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தார். பண்ணைகளில் கறிக்கு வளர்க்கிற வெள்ளை ரகம் இல்லை, பழைய ரகம். வளர்ந்தால் இறகு செம்புக் குடம் போல மின்னும். முப்பத்தேழு வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்டு அவர் வாங்கித் தந்தது அது ஒன்றுதான். ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அட்டைப்பெட்டியில் தவிடு பரப்பி, பல்பு தொங்கவிட்டு, தீனியும் தண்ணீரும் வைத்தேன். குஞ்சுகள் தீனியின் மேலேயே நின்றுகொண்டு கத்தின. இரண்டாம் நாள் ஒன்று செத்தது. மூன்றாம் நாள் மூன்று. குளிராக இருக்கும் என்று இன்னொரு பல்பு போட்டேன். தீனியை மாவாக இடித்து வைத்தேன். ஒரு குஞ்சு என் உள்ளங்கையிலேயே தலையைச் சாய்த்தது. அவர் காப்பித் தம்ளரோடு பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, ஒண்ணு ஒண்ணா மண்டையப் போடுது?" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போனார்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. வீரபாண்டி குஞ்சுகளோடு கொடுத்துவிட்டது. 'வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மங்கல். எதிரே இருப்பது தீனி என்று தெரியாது. விரலால் தட்டிக் காட்டினால் தின்னும். பச்சை நிற மூடியில் வைத்தால் சீக்கிரம் கண்டுகொள்ளும். காட்டாவிட்டால் தீனியின் நடுவிலேயே பட்டினி கிடந்து சாகும்' என்று அச்சடித்திருந்தது. ஓடிப்போய்த் தட்டிக் காட்டினேன். அப்போது மூன்றுதான் மிச்சம் இருந்தன. அவை தின்றன.

ஏன் தரவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"நீயா கண்டுபிடிக்கியான்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நான் சண்டை போடவில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்லிச் சிரித்தார். "ஒம்பது குஞ்சு சாகுத வரைக்கும் இவளுக்குத் தெரியல, பாத்தீயளா? தாளு எம் பையிலதான் இருந்துச்சு." வந்தவர்களும் சிரித்தார்கள். நான் அவர்களுக்குக் கேக் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, பிசியோதெரபிக்குத் தாஹா என்ற தம்பி வந்தார். தங்கமான பிள்ளை. அவர்தான் எனக்கு அதை விளக்கினார்.

"அம்மா, இவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கதையே மூளை மறந்துட்டு. நீங்க இடப்பக்கம் நின்னா நீங்க இல்ல. தட்டை இடப்பக்கம் வச்சா தட்டு இல்ல."

அது உண்மைதான். முகத்தில் பாதிக்குத்தான் சவரம் செய்துகொள்வார். தட்டில் வலப்பாதியைத் தின்றுவிட்டு, காலி என்பார். தாஹா தம்பி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'சாப்பாடு வலப்பக்கம் வைக்கவும். இடப்பக்கம் வைத்தும் பழக்க வேண்டும். அப்போது தட்டிக் காட்டி, தலையைத் திருப்ப வைக்கவும்.' அவருக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். சொன்னாலும் அவருக்குப் புரியாது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தாளை நான்காக மடித்து, கொடியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். நீங்கள் எடுத்ததும் அங்கிருந்துதான்.

ஐந்து வாரம் வலப்பக்கம்தான் வைத்தேன். ஊட்டியும் விட்டேன். பக்கத்து வீட்டு இசக்கித்தாயைக் கேட்டுப் பாருங்கள். பிறகு தாஹா தம்பி தன் தங்கை ஜெய்னப் கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவு சொன்னார். அந்த வாரம் சபைக் குருவானவர் ஜெபம் பண்ண வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும், என் கணவர் குழறிக் குழறி அவரிடம் குஞ்சுக் கதையைச் சொன்னார். ஒன்பது என்பதைச் சரியாகச் சொன்னார். குருவானவர் மரியாதைக்குச் சிரித்தார்.

அன்று மத்தியானம் ஸ்டூலை இடப்பக்கம் போட்டுத் தட்டை வைத்தேன். இடப்பக்கம் பழக்க வேண்டும் என்று தாளிலேயே இருக்கிறது. தட்டிக் காட்டச் சொன்னதை மட்டும் நான் செய்யவில்லை. தண்ணீர்த் தம்ளரை வலப்பக்கமே வைத்தேன், ஏனென்றால் தாகம் கொடுமையானது.

மூன்று வேளையும் வைத்தேன், மேடம். சூடாக வைத்தேன். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மணம் அறை முழுக்க நிற்கும். அவர் வலப்பக்கமாகவே தேடுவார்.

"ஏட்டி, சோறு எங்க?"

"பக்கத்துலதான் வச்சிருக்கேன், பாருங்க."

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இசக்கித்தாய் வந்தபோது அவர் அழுதார். "இவ சோறு போட மாட்டேங்கா, பட்டினி போட்டுக் கொல்லுதா" என்றார். இசக்கித்தாய் நிறைந்த தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சிக்குப் புத்தி பேதலிச்சுட்டு, நீங்க மனசுல வச்சுக்காதீங்க மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளே நாலு வாய் ஊட்டினாள். ஆவலாகத் தின்றார். புரையேறினால் உயிருக்கே ஆபத்து, பழக்கம் இல்லாதவர்கள் ஊட்டக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதுவும் டாக்டர் சொன்னதுதான். மகன் வீடியோவில் கூப்பிட்டபோது தட்டைக் காட்டினேன். "அப்பா, அம்மா வச்சிருக்காங்கல்லா, கொஞ்சம் சாப்பிடுங்கப்பா" என்று அவனும் அழுதான். பங்குனியில் வருவதாகச் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான், அன்று பிழைத்த மூன்றில் பெட்டைகள் இரண்டும் பதினான்கு குஞ்சு பொரித்தன. பெட்டியை அவர் அறையை ஒட்டி, வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பச்சை மூடியில் தீனி வைத்துக் கரண்டியால் தட்டுவேன். குஞ்சுகள் ஓடிவரும். தட்டும் சத்தம் கேட்டால் அவரும் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். பதினான்கும் பிழைத்துவிட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை. முதல் தடவை வளர்ப்பவள் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஸ்டூலை இடப்பக்கம் போட்டதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் இறந்துபோனார். பலவீனம் என்றார்கள். அடக்கம் முடிந்து துக்கம் கேட்க வந்த தாஹா தம்பி, கட்டிலையும் ஸ்டூலையும் பார்த்தார். "இத யாரும்மா இங்கன போட்டது?" என்றார். நான்தான் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. உங்களிடம் வந்து பேசியிருக்கிறார்.

நேற்று என் மகன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "ஒரு தடவ தட்டிக் காட்டியிருக்கலாமேம்மா?" அவர் குஞ்சு இல்லையே, வாயுள்ள மனுஷன், தானாகக் கண்டுபிடிப்பார் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவர் எனக்கு நான்கு நாள் கொடுத்தார். நான் பத்தொன்பது நாள் கொடுத்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் சோறு அங்கேதான் இருந்தது. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

ஒன்றுவிடாமல் சொல்வதாகச் சொன்னேன், அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் மத்தியானம் அவர் கண்டுபிடித்துவிட்டார். மெதுவாகத் தலையைத் திருப்பினார். தட்டு தெரிந்தது. குழந்தை மாதிரிச் சிரித்தார். "இந்தா இருக்குட்டி" என்று வலது கையை மார்பின் குறுக்கே நீட்டினார். விரல் தட்டின் விளிம்பில் பட்டது. நான் ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.