திருப்பித் தொங்கவிட்ட கலண்டர்

"சவுதியோட உறவை வெட்டோணும்!"

கனடாவில், ஜான்-டலோன் சந்தையில், தக்காளிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரர் போட்ட சத்தத்தில் கடைக்காரப் பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணை?" என்றார் கூட வந்த தொப்பிக்காரர்.

"குண்டு வைக்கிறவங்களுக்கு அங்கையிருந்து காசு போகுதாம். அது தெரிஞ்சும் எண்ணெய்க்காக அமெரிக்கா கூட்டு வைச்சிருக்கு. வெக்கமில்லை."

"நாங்களும் குடுத்தனாங்கள்தானே?"

"ஆருக்கு?"

"ஊரில நடந்த போருக்கெண்டு கலண்டரும் தந்து காசு சேர்த்த இயக்கப் பெடியளுக்கு. இப்ப கனடா அவங்களையும் பயங்கரவாதியெண்டு சொல்லிப்போட்டுது."

"அது வேற."

"ஓம், வேறதான்." தொப்பிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "எப்பிடி அண்ணை வேற?"

மீசைக்காரர் ஒரு தக்காளியை அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "அந்தக் கலண்டரை எறிஞ்சிட்டியோ?"

"இல்லை. மனுசி சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருக்கிறா. விரதநாள் எல்லாம் அதிலதானே கிடக்கு. நீங்கள்?"

"நான் அண்டைக்கே எறிஞ்சிட்டன்."

வரிசை நகர்ந்தது. மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ட போனதும், இந்தமுறை சதுர்த்தி எண்டைக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு."