வழியில் ஒன்றுமில்லை

வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "வீடு நல்லா விசாலமா இருக்கே" என்பதுதான். மாடிப்படியின் கீழே என் மனைவி இறந்துகிடந்ததைப் பார்க்க வந்த போலீஸ் அதிகாரி நீங்கள். அந்த நேரத்தில் நான் நன்றி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்காது. இப்போது சொல்லிக்கொள்கிறேன். அந்த விசாலம் தானாக வந்ததில்லை. மாதக்கணக்கில் நான் ஒருவனாகப் பாடுபட்டுக் கொண்டுவந்தது.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கண் தெரியாத பெண், செங்குத்தான மாடிப்படி, தனியாக இறங்க வந்தாள், விழுந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் என் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். வீட்டுச் சாமான்களை ஒழிக்கச் சொன்னது தான்தான், அதனால்தான் அம்மா தடுமாறி விழுந்தாள் என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. செய்யாத வேலைக்கு அவள் பொறுப்பேற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னது அவள், செய்தது நான். அதைத் தெளிவுபடுத்தத்தான் உங்களைத் தேடி வந்தேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த உதிரிப் பாகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று அங்கே எனக்குப் பெயர். வீட்டில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. வேலையில் இருந்தவரை வீடு எனக்குச் சாப்பிட்டுத் தூங்கும் இடம். ஓய்வு பெற்று வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. என் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை, சட்டை, திரைச்சீலை என்று வந்த வேலை எதையும் விடமாட்டாள். நாற்காலியில் துணி மூட்டை, மேஜையில் பொத்தான் டப்பாக்கள், கதவுக்குப் பின்னால் தலையில்லாத ஒரு தையல் பொம்மை. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்களின் துணிகளுக்கென்று தனியாக ஒரு பீரோ.

"இந்த அரைக்கால் சட்டைக்காரனுக்குக் கல்யாணமாகி, அவன் புள்ளையே இப்ப பள்ளிக்கூடம் போகும். இதை எதுக்கு வச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்குன்னு கேட்டு வந்தா என்ன பண்றது?" என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பிறகு அவளுக்குப் பார்வை போயிற்று. கண் நரம்பில் கோளாறு. ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்து ஒரு மழைக்காலத்தில் முழுவதும் போய்விட்டது. இனி எல்லாவற்றுக்கும் நான்தான் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் ஆவலும் இருந்தது. ஆனால் அவள் சில வாரங்கள்தான் கட்டிலில் கிடந்தாள். அதற்குப் பின் எழுந்து, வீடு முழுக்க நடமாட ஆரம்பித்துவிட்டாள்.

எப்படி நடக்கிறாள் என்று கவனித்தேன். மாடியில் கட்டிலைவிட்டு இறங்கினால் ட்ரங்குப் பெட்டி. அதன் மூலையில் கை வைத்துத் திரும்பினால் பொம்மையின் தோள். அங்கிருந்து கை நீட்டினால் நூல்கண்டு அலமாரி. அதைத் தாண்டிப் படி ஆரம்பிக்கிற இடத்தில், படிக்கட்டின் வாயைப் பாதி அடைத்தபடி, ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின். வெளிச்சத்துக்காக என்றைக்கோ அங்கே போட்டது. மெஷினின் சக்கரம் கையில் பட்டதும் நின்று, அதைச் சுற்றிக்கொண்டு வந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்குவாள். கீழே பிரம்பு நாற்காலி, பிறகு பீரோ, பிறகு சமையலறை. நானும் மற்றவர்களும் அடைசல் என்று சொன்னதெல்லாம் அவளுக்குக் கைப்பிடியாக இருந்தது.

ஒரு சாயங்காலம், மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. எல்லோரும் இருந்த இடத்திலேயே சிலையாகிவிட்டோம். நான் குடும்பத் தலைவன் என்ற முறையில் மெழுகுவத்தி எடுக்க எழுந்தேன். முழங்காலில் எதுவோ இடித்தது, துணி மூட்டையில் குப்புற விழுந்தேன். அவள் எழுந்து விறுவிறுவென்று போய், மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கொண்டுவந்து மருமகன் கையில் கொடுத்தாள்.

"கண்ணு தெரியறவரு பாவம், அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்றாள்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதை அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மகள்தான் பேச்சை எடுத்தாள். "அப்பா, நீங்களே விழுந்துட்டீங்க. அம்மா விழுந்தா என்ன ஆகும்? தேவையில்லாததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு வீட்டைக் காலியா வைங்கப்பா. கட்டிலையும் கீழ கொண்டுவந்துடுங்க." கண் டாக்டரிடம் கேட்டபோது அவரும், தரையில் தடுக்குகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் போட்டார். அத்தனை பேருக்கும் நல்ல எண்ணம்தான். அவள் எப்படி நடக்கிறாள் என்று அவர்கள் யாரும் பார்த்ததில்லை. பார்த்தவன் நான் ஒருவன். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிலை மட்டும், எல்லாம் ஒழித்து முடித்த பிறகு இறக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பழைய சாமான் வியாபாரி ஒருவரை வரச்சொன்னேன். எப்போதும் தராசும் கையுமாகத் திரிவதால் தெருவில் அவருக்குத் தராசு என்றே பெயர். முதலில் பொத்தான் டப்பாக்களும் வெட்டுத் துணிகளும் போயின. அவள் அரைக்கால் சட்டையை மட்டும் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை தராசு வந்தபோது பிரம்பு நாற்காலியைக் கொடுத்தேன்.

அன்று அவள் கீழே இறங்கி வந்து வழக்கம்போலக் கையை நீட்டினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். கூடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள்.

"என்னங்க, நான் எங்க நிக்கிறேன்?" என்று கேட்டாள்.

நான் எதிரிலேதான் இருந்தேன். உடனே பதில் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய்க் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போனேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வாரமே பீரோவையும் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. ட்ரங்குப் பெட்டி போயிற்று, பொம்மை போயிற்று, அலமாரி போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் அவளுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டேன். தண்ணீருக்குக் கூப்பிடுவாள், குளியலறைக்குக் கூப்பிடுவாள். நெற்றியில் சுவர் இடித்தால் நான்தான் மருந்து தடவுவேன். பக்கத்து வீட்டம்மா தன் கணவரிடம், "அவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். காலியான கூடத்தை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாள்.

"வீடு எதிரொலிக்குதுங்க. நீங்க கூப்பிட்டா எந்தப் பக்கத்துலேருந்து கூப்பிடறீங்கன்னே தெரியல" என்றாள் மனைவி.

"பழகிடும்" என்றேன்.

ஆனால் அவள் கெட்டிக்காரி. வழி தெரிந்த இடத்துக்குள்ளேயே வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டாள். கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நேராக மெஷின். நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி, அக்கம்பக்கத்தாரின் போர்வைக்கும் தலையணை உறைக்கும் ஓரம் அடித்தாள். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் அவளுக்கு ஒன்றுதான்.

"மெஷினை மட்டும் தொட்டுடாதீங்க. அது அங்க இருக்கிறதாலதான் படி எங்கன்னு எனக்குத் தெரியுது. கை பட்டதும் நின்னுடுவேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

"சரி" என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்றியும் இருப்பேன். ஆனால் ஒரு காலைப்பொழுதில் அவள் மகளோடு போனில் பேசியது காதில் விழுந்தது. "இந்த வீட்ல எனக்கு இடமே பிடிபடலடி. யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. நான் உன்கூடவே வந்துடறேன். மெஷினையும் எடுத்துக்கிட்டு வரேன்." மகள் என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். "அவருக்கென்ன, காலி வீடுதான் பிடிக்கும். நிம்மதியா இருப்பாரு" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. நான் மறுப்புச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசுவது என் வழக்கமில்லை. யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் போகாமல் அவள் என்னோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு கால் உடைந்தால் போதும் என்று தோன்றியது. படுக்கையில் இருப்பாள், நான் பார்த்துக்கொள்வேன். இப்போது இதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறுகிறது. அன்று எனக்கு இது மிகச் சாதாரணமான யோசனையாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு மாத்திரை போடுவாள். போட்டால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். அந்த நேரம் பார்த்துத் தராசை வரச்சொல்லியிருந்தேன். "மேல தூங்கறாங்க, சத்தம் வராம தூக்குங்க" என்றேன். அவரும் கூட வந்த ஆளும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, மெஷினை முதலில் தனியாகவும் அதன் இரும்புக் காலைப் பிறகு தனியாகவும் இறக்கினார்கள். போகும்போது தராசு, "ஐயா மாதிரி வீட்டம்மாவைப் பாத்துக்கிற ஆளை நான் பாத்ததில்ல" என்றார். மெஷின் இருந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தேன். படிக்கட்டின் வாய் முழுவதுமாகத் திறந்து கிடந்தது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அவள் எழுந்த சத்தம் கேட்டதும் நான் படியின் கீழே வந்து நின்றுகொண்டேன்.

"பொண்ணு போன்ல இருக்கா. உன்கிட்ட அவசரமா ஏதோ பேசணுமாம்" என்று குரல் கொடுத்தேன். போனில் யாரும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

"இதோ வரேன். வழியில ஏதாவது கிடக்குதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்ல. தாராளமா வா" என்றேன்.

அவள் கதவைத் தாண்டி வந்தாள். மகள் காத்திருக்கிறாள் என்பதால் வேகமாக வந்தாள். வலது கை மெஷின் சக்கரம் இருக்கும் உயரத்தில் நீண்டிருந்தது. விரல்கள் காற்றில் எதையோ துழாவின. கை பட்டால்தானே நிற்பாள். நில் என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்தச் சொல் வாய்வரை வந்தது என்று சொன்னால் அது பொய். வரவில்லை. அவள் விழுந்தபோது என் மேல் மோதிவிடுவாள் என்று ஒதுங்கி நின்றேன்.

ஒரு காலோடு போகும் என்று நான் நினைத்தது தப்புக் கணக்காகிவிட்டது. தலையில் அடி. உடனே உயிர் போய்விடவில்லை. அதை நான் உங்களிடம் அன்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவள் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவிக்க மனம் வரவில்லை.

"என்னங்க" என்றாள். "மெஷின் அது இடத்துலதானே இருக்கு?"

"அங்கேயேதான் இருக்கு" என்றேன்.

"அப்ப நான்தான் தப்பா வந்துட்டேன்போல" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவள் மனம் வருந்தியிருக்கும். அவள் மனம் வருந்தும்படி நான் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.