மயிலாள் அம்மையார் வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, குண்டடத்திலிருந்து வந்திருக்கும் அம்மையாரின் உடன்பிறந்தோரே, ஷிப்டை மாற்றிக்கொண்டு பனியன் கம்பெனிகளிலிருந்து நேராக வந்து கதவோரம் வரை நிற்கும் மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

பேராசிரியர் முனைவர் மயிலாள் அம்மையார் மறைந்துவிட்டார். சென்ற வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய துறையில் தொடக்கம் முதல் உடன் பாடம் நடத்திய திருமூர்த்தி நான். இன்று நான் அழுதுகொண்டுதான் பேசியிருக்க வேண்டும். ஆனால் இந்த அரங்கைப் பார்க்கிறேன். தோற்றுப்போனவருக்கு இப்படிக் கூட்டம் கூடுமா? அவர் வென்றவர்! எப்படி வென்றார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அந்நாளில் நம் ஊரில் என்ன படிக்கலாம்? ஆடை வடிவமைப்பு படிக்கலாம், வணிகவியல் படிக்கலாம், கணினி படிக்கலாம். கிராமசபையில் எழுந்து பேசவும், தெருவுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கவும், முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு கூட்டத்தாரை ஒரே இடத்தில் உட்கார வைக்கவும் யார் சொல்லிக்கொடுப்பது? அதற்கென்று ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும் என்றார் மயிலாள் அம்மையார். பொதுச்சேவையும் சமூகத் தலைமையும் என்று அதற்குப் பெயர் வைத்தார். வேலைக்குப் போகிறவர்களுக்காக அதை மாலை வகுப்பாக்கினார்.

"இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?" என்று கேட்காதவர் இல்லை.

"வேலை கெடைக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. செய்யறதுக்கு வேலை ஊரு பூராக் கெடக்குதுங்க" என்பார்.

முதலாண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே சேர்ந்தார்கள். சோமனூரிலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவர். மூலனூரிலிருந்து முருங்கை விவசாயி ஒருவர். அடுத்த ஆண்டு, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ரோஸ்மேரி என்ற தையல் தொழிலாளி. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர். பகலெல்லாம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவார். அவர்களுக்கு அம்மையார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஊருக்கு உருப்படியாக ஒரு காரியம் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். அப்போதுதான் பட்டம்!

மூன்றாம் ஆண்டில் சோதனை வந்தது. சேர்க்கை குறைவு, மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்து இறங்கியது. ஆய்வேடுகள் எங்கே, கருத்தரங்குகள் எங்கே என்று குழுவின் தலைவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

அம்மையார் சொன்னார்: "நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க. எங்கூட டவுன் பஸ்ல வாங்க. பாத்துப்போட்டு, சரியில்லீன்னா மூடிப்போடுங்க."

போனோம். ஊரோரம் வரிசை வீடுகள் நிறைந்த பகுதி அது. தாய்மார்கள் கம்பெனிக்குப் போய்விட்டால், பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் பூட்டிய அறைக்குள் கிடக்கும். அங்கே ஊர்ப் பொதுக்கட்டடம் ஒன்று திருவிழாச் சாமான்களோடு பூட்டிக் கிடந்தது. அதைப் பகல்நேரக் காப்பகமாக்க வேண்டும் என்பது ரோஸ்மேரி எடுத்துக்கொண்ட காரியம். பல வாரங்கள் வீடு வீடாக நடந்து, அன்றைக்கு ஊர்க்கூட்டத்தைக் கூட்டியிருந்தார்.

கட்டடத்தின் சாவி கன்னையன் என்ற பெரியவரிடம் இருந்தது. வரிசை வீடுகளில் பாதி அவருடையவை. எடுத்த எடுப்பிலேயே அவர் சத்தம் போட்டார்.

"பொழைக்க வந்தவங்களுக்கு ஊடு குடுத்தோமுங்க. இப்ப ஊர்க் கட்டடத்தையும் கேக்கறாங்க. நாளைக்கு என்னத்தைக் கேப்பாங்க?"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. இந்தப் பக்கம் கூச்சல், அந்தப் பக்கம் கூச்சல். நாற்காலி ஒன்று சாய்ந்தது. ரோஸ்மேரி பேச முடியாமல் நின்றார். குழுத் தலைவர் பதறிப்போய் அம்மையாரிடம் குனிந்தார்.

"நீங்கள் இந்த வட்டாரத்துக்காரர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்களே! எழுந்து பேசுங்களம்மா!"

அம்மையார் எழவில்லை. மெல்லச் சொன்னார்: "நான் பேசினா அந்தக் கட்டடம் கெடைச்சிருமுங்க. இந்தப் படிப்புத் தோத்துப் போயிருமுங்க."

சபையோரே, எத்தனை பேருக்கு வரும் இந்தத் துணிவு? தான் கட்டி எழுப்பியது கண்ணெதிரே சரியும்போது, காப்பாற்றும் சொல் நாவில் இருந்தும் அடக்கிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

கூச்சல் தணியும்வரை ரோஸ்மேரி காத்திருந்தார். பிறகு கன்னையனுக்கு எதிரே போய் நின்றார்.

"அண்ணாச்சி, கட்டடம் ஊருக்கே இருக்கட்டும். சாவியும் உங்க கையிலயே இருக்கட்டும். ஒரு ரூம்புல சாமான், ஒரு ரூம்புல புள்ளைங்க. இந்த ஊருப் புள்ளைங்களும் வரட்டும். காலையில நீங்கதான் வந்து தொறக்கணும்."

"நானா? நான் எதுக்குத் தொறக்கோணும்?"

"எங்க புள்ளைங்களை யாரை நம்பி விடுறதுன்னு தாய்மாருங்க கேட்டா, நான் யாரு பேரைச் சொல்லுவேன் அண்ணாச்சி? உங்க பேரைச் சொன்னாத்தான நம்புவாங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னையனின் மருமகளே எழுந்தார். "மாமா, நம்ம பாப்பாவையும் உட்டுட்டுத்தானுங்க நான் கம்பெனிக்குப் போகோணும்."

கன்னையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்தால ஏழரைக்கு வந்தாப் போதுமா கண்ணு?" என்று ரோஸ்மேரியைக் கேட்டார்.

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது! திரும்பும் பேருந்திலிருந்து இறங்கும்போது குழுத் தலைவர் கேட்டார்: "அம்மா, அடுத்த ஆண்டு எத்தனை இடம் வேண்டும்?"

அன்று பிழைத்த படிப்பிலிருந்து இன்று ஊராட்சித் தலைவர்கள் வந்திருக்கிறார்கள். மாநகராட்சி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். எந்தப் பதவியும் இல்லாமல் தெருவின் காரியங்களை முடித்துக்கொடுப்பவர்கள் அவர்களைவிட அதிகம்! ரோஸ்மேரி? முனைவர் பட்டம் பெற்று, அம்மையார் ஓய்வு பெற்ற நாளில் அதே துறையின் தலைவரானார். இதோ, மேடையில் கண் கலங்கி அமர்ந்திருக்கிறார். நிமிர்ந்து உட்காருங்கள் அம்மா! உங்கள் பேராசிரியர் உங்களை நம்பித்தான் அன்று வாய் மூடி இருந்தார்.

நாம் என்ன உறுதி தரப்போகிறோம்? சிலை வேண்டாம். இந்தப் படிப்பை ஓராண்டுகூட நிறுத்தமாட்டோம். இந்த ஊரில் யார் வந்து கேட்டாலும், எந்த மொழி பேசுபவர் கேட்டாலும், இடமில்லை என்று சொல்லமாட்டோம். அவர்களுக்குப் பதிலாக நாம் பேசவும் மாட்டோம்.

இவ்வாண்டு சேர்ந்த மாணவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்து, இங்கே தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்துகொண்டே தமிழ் கற்றுச் சேர்ந்த பெண்ணும் அவர்களில் ஒருவர். எழுந்து நில்லுங்கள், எல்லாரும் எழுந்து நில்லுங்கள்!

சபையோரே, இரங்கல் கூட்டத்தில் கை தட்டுவது வழக்கமில்லை. மயிலாள் அம்மையாருக்காக, திரும்பி அவர்களைப் பார்த்துத் தட்டுங்கள்!